அறுபத்து நாலாயிரம் புள்ளிகள்

"மேடம், இந்த மெஷினுக்கு வேகம் பத்தாது."

உலகம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. பின்பக்கம் கழற்றி வைத்த ஒரு டிவிக்குள் அவள் கை முழங்கைவரை போயிருந்தது.

"எதுக்குப் பத்தாது, அண்ணாச்சி?"

"முகம் பேசணும். பேச மாட்டேங்கு."

சிகாமணி தாம் கொண்டுவந்த கம்ப்யூட்டரை மேசையில் வைத்தார். பார்த்தால் வெறும் தட்டச்சுப் பலகைதான். அதை ஒரு டிவியில் சொருக வேண்டும். ஒரு டேப் ரெக்கார்டரையும் அதோடு இணைக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் வீட்டு கம்ப்யூட்டர் என்றால் அவ்வளவுதான்.

சிகாமணிக்கு வயது நாற்பத்தெட்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய பள்ளியில் ஓவிய ஆசிரியர்.

உலகம்மாளுக்கு இருபத்தேழு. திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் டிவி பழுது பார்ப்பவள். கம்ப்யூட்டரின் மூடியைத் திறக்கப் பயப்படாத ஒரே ஆள் என்று அவளைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் எல்லாரும் அவரை சார் என்று கூப்பிடுவார்கள். அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டார். படிக்க வந்தவர் அவர்தானே.

"ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

டேப்பிலிருந்து படம் ஏற ஆறு நிமிடம் ஆனது. இரண்டு பேரும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டிவியில் ஒரு முகம் வந்தது.

உலகம்மாள் கையை டிவிக்குள்ளிருந்து எடுத்தாள்.

அது சிகாமணியின் முகம். அவரே வரைந்தது. சீவிய தலைமுடி, மூக்குக் கண்ணாடி, இரண்டு காது, காதோரத்து நரை, சட்டைப்பையில் பேனா, அடர்ந்த மீசை. ஒவ்வொரு புள்ளியாக வைத்திருந்தார். மூன்று மாத வேலை.

"நல்ல கை உங்களுக்கு" என்றாள்.

"நன்றி மேடம்."

"இந்தப் பேனாவும் பேசுமா?"

அவருக்கு அது கேலியா கேள்வியா என்று தெரியவில்லை. ஒரு விசையை அழுத்தினார்.

முகம் பேச ஆரம்பித்தது. ஆ. ஈ. ஊ. ஏ. ஓ. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மேலிருந்து கீழே ஒரு திரைச்சீலை இறங்குவதுபோல் ஒவ்வொரு முகமும் மெதுவாக இறங்கியது. அது அடியை எட்டுவதற்குள் அடுத்த முகம் உச்சியில் ஆரம்பித்துவிட்டது.

எந்த நேரம் பார்த்தாலும் திரையில் ஒன்றரை முகம் இருந்தது.

"பாத்தீங்களா? வாயோரம் ஈன்னு இழுத்திருக்கு. கீழுதடு ஊன்னு குவிஞ்சிருக்கு. மனுஷனுக்கு இப்படி ஒரு வாய் கிடையாது."

"ஆமா, கிடையாது."

"அவ இதையும் செய்தா மேடம்."

"யாரு?"

"செண்பகா. ஏழு வயசு. எதைக் காட்டினாலும் அப்படியே செய்வா. இந்த வாயைப் பாத்து..." அவர் தம் வாயோரங்களைக் காதுவரை இழுத்து, கீழுதட்டை மட்டும் முன்னால் தள்ளிக் காட்டினார்.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். பேச்சு வகுப்பு எடுத்த ஆசிரியை ஜூன் மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். ஓவிய ஆசிரியரிடம் வகுப்பு வந்து சேர்ந்தது. மற்றப் பிள்ளைகள் ஏற்கெனவே கற்றவர்கள். செண்பகா இந்த வருடம்தான் சேர்ந்தாள். அவளுக்குக் குரல் உண்டு. வாய் மட்டும் வடிவம் பிடிக்கவில்லை. ஐந்து நெடில் எழுத்துகள். வருகிற வெள்ளிக்கிழமை தேர்வு. தேறாவிட்டால் பேச்சு வகுப்பிலிருந்து எடுத்துத் தையல் வகுப்பில் உட்கார்த்திவிடுவார்கள். பிறகு அந்தக் குரலை யாரும் தேட மாட்டார்கள்.

"இன்னைக்கு திங்கள்" என்றாள் உலகம்மாள்.

"ஆமா மேடம். இதைவிட வேகமான மெஷின் எங்கயாவது கிடைக்குமா?"

அவள் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்தாள். நடுவில் பிளேடால் ஒரு கட்டம் வெட்டினாள். தாளைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

ஓட்டை வழியே அவள் வாய் மட்டும் தெரிந்தது. அது சத்தமில்லாமல் அசைந்தது.

"நான் என்ன சொன்னேன்?" தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

இருபது வருடமாக அந்தப் பள்ளியில் இருப்பவர். அவருக்கு வாயசைவு புரியும்.

"டீ சாப்பிடுதீங்களான்னு கேட்டீங்க."

"என் தோடு என்ன நிறம்?"

"தெரியலையே. தாள் மறைச்சிருக்குல்லா."

"தோடு தெரியாம டீ எப்படித் தெரிஞ்சுது?"

அவர் திரையில் இறங்கிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தார். வாயைப் பார்த்தார்.

அவள் தாளை மடித்து அவர் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் சொருகினாள். மறுபடியும் டிவிக்குள் கையை விட்டாள்.

"சரி, டீ சாப்பிடுதீங்களா?"

அவர் சாப்பிடவில்லை. அதற்குள் கம்ப்யூட்டரோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

*

"மேடம், முகம் நிக்குது!"

செவ்வாய்க்கிழமை. மூச்சு வாங்க வந்து நின்றார்.

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "திரையில மொத்தம் அறுபத்து நாலாயிரம் புள்ளி. டிவி ஒரு தடவை மேலருந்து கீழ வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள இந்த மெஷினால எட்டாயிரம் புள்ளியத்தான் மாத்த முடியும். நான் அறுபத்து நாலாயிரத்தையும் மாத்திக்கிட்டிருந்தேன். தலைமுடி, பேனா, காது, எல்லாத்தையும்."

"இப்ப?"

"முகத்தை ஒரு தடவை வரையுதேன். அப்புறம் வாய்க் கட்டம் மட்டும். ஐயாயிரத்துச் சொச்சம் புள்ளி. எட்டாயிரத்துக்குள்ள அடங்கிருச்சு."

"அப்ப வேகம் பத்துது."

"பத்துது மேடம். ஆனா..."

"ஆனா?"

"பத்துத் தடவைக்கு ஒரு தடவை வாய் இன்னும் பிளந்து போகுது. மேல்பாதி ஒண்ணு, கீழ்ப்பாதி ஒண்ணு. செண்பகா சரியா அந்தப் பத்தாவதைத்தான் பிடிக்கா. வேணும்னே செய்த மாதிரி."

உலகம்மாள் சுவரிலிருந்து நாள்காட்டியைக் கழற்றினாள். அது போன வருடத்து நாள்காட்டி. சுவரில் காரை பெயர்ந்த இடத்தை மறைக்கத் தொங்கவிட்டிருந்தது. தாள்கள் பாதிக்குமேல் கிழிக்காமல் இருந்தன.

"நான் மேலருந்து கீழ நிறுத்தாம வாசிப்பேன். நீங்க ஒரு தாளைக் கிழிங்க."

"எப்ப?"

"உங்க இஷ்டம்."

வாசித்தாள். "திங்கட்கிழமை. வளர்பிறை. சமநோக்கு நாள். நல்ல நேரம் காலை ஆறரை முதல் ஏழரை..."

அவர் கிழித்தார்.

அவள் குரல் நிற்கவில்லை. "...ராகு காலம் மாலை மூன்று முதல் நாலரை."

"ஏ, நில்லுங்க" என்றார் சிகாமணி. "திங்கட்கிழமைக்கு ராகு காலம் ஏழரை டு ஒன்பதுல்லா!"

"எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணு இருந்த இடத்துல மூணுன்னு போட்டிருந்துது. வாசிச்சேன்."

"நான் மெதுவாக் கிழிச்சுட்டேன்."

"அப்ப வேகமாக் கிழிங்க."

இப்போது மேலே செவ்வாய்க்கிழமைத் தாள் இருந்தது. அவள் தொடங்கினாள். பாதியில் அவர் சடக்கென்று கிழித்தார். சத்தம்கூடச் சரியாக வரவில்லை, அவ்வளவு வேகம்.

"...ராகு காலம் மதியம் பன்னிரண்டு முதல் ஒன்றரை" என்று வாசித்தாள்.

அது புதன்கிழமையுடையது.

"இன்னும் வேகமா வேணுமா?" என்று கேட்டாள்.

மூன்றாவது தடவை அவள் வாசிக்க ஆரம்பித்ததும் அவர் தாளைப் பார்ப்பதை விட்டார். அவள் கண்ணைப் பார்த்தார். புதன்கிழமை. நல்ல நேரம். ராகு காலம். எமகண்டம். கண் படிப்படியாகக் கீழே வந்தது. கடைசி வரியில் நாள்காட்டி கொடுத்த பாத்திரக் கடையின் பெயர். அதையும் வாசித்தாள். கண் மேலே எழும்பியது.

அவர் கிழித்தார். சாவகாசமாகத்தான் கிழித்தார்.

"வியாழக்கிழமை" என்று வாசித்தாள் உலகம்மாள். "ராகு காலம் மதியம் ஒன்றரை முதல் மூன்று."

இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள்.

"அதுவும் மேலருந்து கீழதான் வாசிக்குது" என்றார் அவர்.

"ம்."

"ஒரு நொடிக்கு ஐம்பது தடவை. அதோட கண்ணு அடிக்கு வந்துட்டுன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும். கேட்டாச் சொல்லும்."

கிழித்த திங்கட்கிழமையின் பின்புறத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். அந்த வரி எதையும் வரையாது, எதையும் மாற்றாது. டிவி அடிக்கு வரும்வரை மெஷினை நிறுத்தி வைக்கும்.

"இதைச் சேத்தா மெஷின் சும்மா நிக்குமே!"

"நிக்கட்டும்."

*

புதன்கிழமை அவர் படியில் ஓடி வரவில்லை. நடந்து வந்தார்.

"ஓடலையா?" என்று கேட்டாள்.

"ஓடுது. பிளக்கலை. தடுக்கலை. தண்ணி மாதிரி ஓடுது."

"பின்ன என்ன?"

"ஆ வந்துட்டு. ஈ, ஏ வந்துட்டு. ஓ முக்கால் வந்துட்டு. ஊ மட்டும் சொல்ல மாட்டேங்கா. கீழுதட்டை மட்டும் தள்ளுதா. மேலுதடு பலகை மாதிரி நிக்குது. நேத்தாவது மெஷினைக் குறை சொன்னேன். இன்னைக்கு யாரைச் சொல்ல?"

"இன்னைக்கும் ஓட்டிக் காட்டுங்க."

ஆறு நிமிடக் கீச்சுச் சத்தம். முகம் வந்தது. வாய் அசைந்தது. உண்மையாகவே தண்ணீர் மாதிரிதான் ஓடியது.

அவள் நெருங்கிப் போய்ப் பார்த்தாள். விரலால் திரையைத் தொட்டாள்.

"வாய்க் கட்டத்துல இந்தக் கறுப்பு எத்தனை புள்ளி?"

"மீசையா? ஆயிரத்து இருநூறு இருக்கும்."

"அதுல எத்தனை அசையுது?"

"ஒண்ணும் அசையலை."

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"மேலுதடு."

"எங்க?"

அவர் திரையைப் பார்த்தார்.

"இப்ப உங்ககிட்ட நிறைய இடம் இருக்கு" என்றாள். "ஒரு முகம் இருந்த இடத்துல பதினோரு வாய் வைக்கலாம். ஆவுக்கும் ஊவுக்கும் நடுவுல வாய் எப்படி எப்படிப் போகுதுன்னு வரையலாம்ல?"

"வரையலாம். கண்ணாடியைப் பாத்து நேத்தே முயற்சி பண்ணினேன். மேலுதடு எங்க போகுதுன்னு எனக்கே தெரிய மாட்டேங்கு மேடம்."

பழுது பார்க்கிறவர்கள் டிவிக்கு எதிரே ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். பின்னால் நின்று திருகும்போது முன்னால் படம் எப்படி வருகிறது என்று அதில் பார்ப்பார்கள். உலகம்மாள் அந்தக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சிகாமணி கண்ணாடியைப் பார்த்து ஊ என்றார். ஒருமுறை. இன்னொரு முறை. கீழுதடு முன்னால் வந்தது. மேலே மீசை இருந்தது.

"இருபது வருஷமா வச்சிருக்கேன்" என்றார்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் அவள், திரும்பாமல். "யாரு பாக்க?"

அவர் கம்ப்யூட்டரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாதிப் படியில் நினைவு வந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி."

"என்ன மேடம்?"

"சலூன் வலது பக்கம்."

*

வெள்ளிக்கிழமை காலை, தலைமையாசிரியை ஹெலன் டீச்சர் பேச்சு வகுப்புக்குள் நுழைந்து, ஜன்னலோரம் நின்றவரைப் பார்த்து, "யார் வேணும் உங்களுக்கு?" என்றார்.

"நான்தான் டீச்சர்."

"சிகாமணி சாரா! மீசை எங்க சார்?"

"இடத்தை அடைச்சுது டீச்சர். எடுத்துட்டேன்."

செண்பகா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நேற்று முழுவதும் டிவி முன்னால் இருந்தாள். புதிய வாய் அவளுக்கு முன்னால் ஆவிலிருந்து ஊவுக்கு மெல்லப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. அவளும் கூடவே போனாள், வந்தாள். சாயங்காலத்துக்குள் ஐந்தும் வந்துவிட்டன.

ஆனால் இன்று டிவி அணைந்திருந்தது. தேர்வில் கருவி எதுவும் கூடாது. அது ஹெலன் டீச்சரின் விதி. பிள்ளை தடுமாறினால் ஆசிரியர் ஒரே ஒரு முறை வாயசைத்துக் காட்டலாம். குரல் கூடாது. இரண்டாம் முறை கிடையாது.

ஹெலன் டீச்சர் ஐந்து அட்டைகளைச் சீட்டு மாதிரி கலைத்தார். முதல் அட்டையைக் காட்டினார்.

"ஓ" என்றாள் செண்பகா. கொஞ்சம் கரகரத்த குரல். ஆனால் ஓ.

இரண்டாவது அட்டை. "ஆ."

மூன்றாவது. "ஈ." பல்லெல்லாம் தெரிந்தது. ஹெலன் டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். இல்லாத கண்ணாடியைச் செண்பகாவும் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

நான்காவது. "ஏ."

ஐந்தாவது அட்டையில் ஊ இருந்தது.

செண்பகா வாயைத் திறந்தாள். மூடினாள். அட்டையைப் பார்த்தாள். உதடுகள் எங்கே போக வேண்டும் என்பது சட்டென்று மறந்துவிட்டது. முகம் சிவந்தது. வாயோரங்கள் மெல்ல இழுக்க ஆரம்பித்தன. கீழுதடு தனியே முன்னால் நகர்ந்தது.

அந்தப் பழைய வாய்.

சிகாமணி அவள் முன்னால் வந்து குனிந்தார்.

"ஒரு தடவைதான் சார்" என்றார் ஹெலன் டீச்சர்.

"தெரியும் டீச்சர்."

செண்பகாவின் கண் அட்டையில் இருந்தது. அட்டையிலிருந்து ஹெலன் டீச்சரின் கைக்குப் போனது. கையிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு. பிறகு மூலையில் இருந்த டிவிக்கு. அதன் கறுத்த கண்ணாடியில் கொஞ்ச நேரம் நின்றது.

சிகாமணி வாயை அசைக்கவில்லை.

"காட்டுங்க சார். எதுக்குச் சும்மா நிக்கிறீங்க?"

"இருங்க டீச்சர்."

கண் டிவியிலிருந்து ஜன்னலுக்குப் போனது. ஜன்னலில் ஒன்றுமில்லை. அங்கிருந்து கீழே இறங்கித் தரைக்கு வந்தது. தரையில் அவர் செருப்பு. செருப்பிலிருந்து வேட்டி, வேட்டியிலிருந்து சட்டைப்பை. பையில் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் மடித்த செய்தித்தாள்.

ஹெலன் டீச்சர் அட்டையை இறக்கப் போனார்.

சிகாமணி குனிந்தபடியே காத்து நின்றார்.

செண்பகாவின் கண் மேலே எழும்பி அவர் வாய்க்கு வந்தது.

அவர் இரண்டு உதடுகளையும் குவித்தார்.

"ஊ" என்றாள் செண்பகா.